வன்தட்டை அழிப்பதற்கு முன்: லினக்ஸ் கணினியில் வரும் திரைக் கோளாறுகள்

மண்சரிவோ வெள்ளமோ ஒரு குடும்பத்தைப் பெயர்த்தெறியும்போது வீடும் மரக்கறித் தோட்டமும் போவதை எல்லோரும் காண்கின்றனர். பத்திரங்கள் போனது பின்னர்தான் தெரியவருகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தபோது, உயிர்களோடு பிறப்புச் சான்றிதழ்களும் அடையாள அட்டைகளும் சேமலாப நிதிப் பத்திரங்களும் சேர்ந்தே புதைந்தன. அதே ஆண்டின் இறுதியில் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்தினுள் நீர் புகத் தொடங்கி, பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றி வீட்டுச் சுவர்கள் வெடித்தன. அங்கே இழப்பை எடுத்துச் சொல்லவும் படமும் கடிதமும் தேவைப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி பதுளை மாவட்டத்தின் மலைச்சரிவுகளைப் பிளந்தபோது பலர் உடுத்த உடையுடன்தான் வெளியேறினர்.

இந்த அனுபவத்தின் காரணமாக, இடம்பெயர்ந்த குடும்பங்களின் குழுக்கள் தமது பத்திரங்களைப் படம்பிடித்து ஒரு பொதுக் கணினியில் சேர்த்து வைப்பது நல்ல பழக்கம். காணி அனுமதிப்பத்திரம், கிராம உத்தியோகத்தரின் கடிதம், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயம் பற்றி வழங்கிய அறிக்கை, வெடித்த சுவரின் படம் ஆகிய யாவும் அதில் இருக்கலாம். ஆனால் அந்தக் கணினியின் திரை ஒரு நாள் கறுத்துப் போனால் என்ன செய்வது? "கணினி செத்துவிட்டது" என்று அதைப் பட்டணத்துக்குத் தூக்கிச் செல்கின்றனர். திருத்துபவர் வன்தட்டை அழித்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிக் கொடுக்கிறார். திரை வந்துவிடுகிறது, பத்திரங்கள் போய்விடுகின்றன. இது தவிர்க்கக்கூடிய இழப்பு. திரையில் வரும் கோளாறுகளில் மிகப் பெரும்பாலானவை வன்தட்டில் உள்ள ஒரு படத்தையேனும் தொடாமல் தீர்க்கக்கூடியவை.

லினக்ஸ் எங்கிருந்து வந்தது?

தோட்டப்புற நிலையங்களுக்கு நன்கொடையாகக் கிடைப்பவை பெரும்பாலும் அலுவலகங்கள் கழித்த பழைய கணினிகள். விண்டோஸ் 10 முறைமைக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்தியது. விண்டோஸ் 11 பல பழைய இயந்திரங்களை ஏற்பதில்லை. ஆகவே இவற்றைத் தொடர்ந்து பாதுகாப்பாகப் பாவிக்க விரும்புவோர் லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற இலவச முறைமைகளை ஏற்றித் தருகின்றனர்.

இலவசம் என்பதால் இது தரங்குறைந்தது என்று எண்ண வேண்டாம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கியபோது, காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவதற்கு எமது நாட்டின் மென்பொருள் தன்னார்வலர்கள் சில நாட்களுக்குள் ஒரு மென்பொருளை எழுதினர். சஹானா என்ற அந்த மென்பொருளும் இதே திறந்த வழியில் பிறந்ததுதான். பின்னர் அது வேறு நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. இடம்பெயர்ந்தோரின் பெயர்ப்பட்டியலுக்கும் திறந்த மென்பொருளுக்கும் இலங்கையில் பழைய உறவு உண்டு.

கணினியும் திரையும் பேசிக்கொள்ளும் விதம்

திரையில் நாம் காணும் படம் சிறு புள்ளிகளால் ஆனது. குறுக்கே எத்தனை, நெடுக்கே எத்தனை என்ற கணக்கைத்தான் பிரிதிறன் என்கின்றனர். நன்கொடையாக வரும் 17 அங்குலச் சதுர மொனிட்டர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பொருத்தமான அளவு 1280க்கு 1024. அகலமானவற்றில் 1366க்கு 768, 1600க்கு 900, 1920க்கு 1080 என்பன வழக்கம். தட்டையான மொனிட்டரில் இப்புள்ளிகள் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டவை, கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது. கணினி வேறோர் அளவில் படம் அனுப்பினால் மொனிட்டர் அதை இழுத்தோ நசுக்கியோ பொருத்துகிறது. எழுத்து மங்குவது அதனால்தான்.

தமிழுக்கு இந்த மங்கல் ஆங்கிலத்தைவிடக் கூடுதலாகத் தீங்கு செய்கிறது. மெய்யெழுத்தின் புள்ளி மறைந்துவிடும். ணகரத்தின் சுழியும் னகரத்தின் சுழியும் ஒன்றுபோலத் தோன்றும். தோட்ட மக்களின் பெயர்கள் ஏற்கெனவே ஒரு பத்திரத்தில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் பதியப்பட்டு, அதைத் திருத்த எத்தனை தடவை அலைந்திருக்கிறோம் என்பதை வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மங்கிய திரையில் விண்ணப்பம் நிரப்பி அந்தக் குழப்பத்தை மேலும் கூட்டிக்கொள்ள வேண்டாம்.

எந்த அளவில் படம் அனுப்ப வேண்டுமென்று கணினிக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு மொனிட்டருக்குள்ளும் ஒரு சிறு நினைவகம் உண்டு. அதில் 128 பைட் அளவான ஒரு குறிப்பு இருக்கிறது. என்னை ஆக்கியவர் இன்னார், எனக்கு உகந்த அளவு இது, நான் தாங்கும் வேகம் இவ்வளவு என்று அது சொல்கிறது. கணினி இயங்கத் தொடங்கும்போது இக்குறிப்பை வாசிக்கிறது. நீல நிறச் செருகியுடைய பழைய விஜிஏ கேபிளில் 15 ஊசிகளுக்கு இடமுண்டு. அவற்றுள் 12ஆம், 15ஆம் ஊசிகளின் வழியேதான் இந்தக் குறிப்பு செல்கிறது. மலிவான சில கேபிள்களில் இவ்விரண்டு வயர்களும் இல்லை. படம் வரும், குறிப்பு வராது. அப்போது லினக்ஸ் ஆபத்தில்லாத ஓர் அளவை, அதாவது 1024க்கு 768ஐ எடுத்துக்கொண்டு அதற்குமேல் போக மறுக்கும். இதை மென்பொருளின் பிழை என்று நினைத்து இரண்டு நாட்கள் மல்லுக்கட்டியும் பயனில்லை. வேறொரு கேபிளை மாட்டினால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

நடு வரிசையில் ஓர் ஊசி இல்லாதிருப்பதைக் கண்டு கேபிளை எறிந்துவிட வேண்டாம். 9ஆம் ஊசி பல கேபிள்களில் இல்லாமலே வருகிறது. வளைந்த ஊசிதான் கவனிக்க வேண்டியது.

மொனிட்டரின் குறிப்பு கிடைத்தாலும், திரைக்குரிய படத்தை வரைந்து அனுப்பும் சில்லுடன் பேசுவதற்குக் கணினிக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அந்தச் சிறு மென்பொருளைத்தான் டிரைவர் என்கின்றனர். பாடசாலைப் புத்தகங்கள் செலுத்தி என்கின்றன. பஸ் ஓட்டும் சாரதியைவிட அக்காலத்துக் கங்காணியே இதற்குப் பொருத்தமான உவமை. துரைக்குத் தமிழ் தெரியாது, லயத்தாருக்கு ஆங்கிலம் தெரியாது, இருவருக்கும் நடுவில் நின்றவர் கங்காணி. (துண்டுக் கடனையும் பிரட்டுக் களத்தையும் இந்த உவமையோடு சேர்க்க வேண்டாம்.) கங்காணி வராத நாளில் துரை கையைக் காட்டி ஏதோ சொல்வார், ஏதோ ஒரு வேலை நடக்கும். சரியான செலுத்தி இல்லாத கணினியும் அப்படித்தான்: படம் வரும், ஆனால் பெரிதாகவும் மெதுவாகவும் வரும், ஒரே ஓர் அளவில் மட்டும் வரும்.

முதலில் கண்ணால் பார்க்க வேண்டியது

கணினியை அணைத்துவிட்டு, மொனிட்டரை முதலிலும் கணினியைப் பின்னரும் இயக்குங்கள். மொனிட்டர் பிந்தி எழும்பினால் அதன் குறிப்பைக் கணினி தவறவிடுவதுண்டு. இப்போது முதல் சில வினாடிகளை உற்றுப் பாருங்கள். கணினியை ஆக்கிய நிறுவனத்தின் பெயரோ சின்னமோ திரையில் தெரிகிறதா?

தெரிந்து, அதன் பிறகு திரை கறுத்தால் மொனிட்டரும் நல்லது, கேபிளும் பெரும்பாலும் நல்லது. கோளாறு லினக்ஸும் செலுத்தியும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே எதுவும் தெரியவில்லையென்றால் லினக்ஸைக் குறை சொல்ல இடமில்லை, அது இன்னும் எழும்பவே இல்லை. அப்போது கேபிள், மின்சாரம், மொனிட்டர், நினைவகத் தட்டு என்ற ஒழுங்கில் பாருங்கள். ஹப்புத்தளைப் பக்கத்துப் பனிமூட்டத்தில் மாதக்கணக்கில் மூடிக்கிடந்த கணினியானால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு நினைவகத் தட்டைக் கழற்றி, அதன் செம்பு நிற ஓரத்தை உலர்ந்த மென்துணியால் துடைத்து மீண்டும் அழுத்தி மாட்டினாலே பல தடவை உயிர் வந்துவிடும்.

திரை முழுவதும் மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் அது செலுத்தியின் வேலையல்ல. விஜிஏ கேபிளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி வயர்களில் செல்கின்றன. நீலம் அறுந்தால் வெள்ளை மஞ்சளாகிறது, பச்சை அறுந்தால் இளஞ்சிவப்பு ஓடுகிறது. படம் ஒரு பக்கம் நகர்ந்து நின்றால் மொனிட்டரில் உள்ள ஓட்டோ என்ற பொத்தானை ஒரு முறை அழுத்துங்கள், அதுவே இழுத்துச் சரிசெய்யும்.

கணினியின் பின்புறத்தில் திரைக்கான துளைகள் இரண்டு இடங்களில் இருந்தால் கவனம் தேவை. தனியாகப் பொருத்திய கிராஃபிக்ஸ் கார்ட்டின் துளைகள் கீழ்ப்பகுதியில் வேறாக இருக்கும். கார்ட் இருக்கும்போது மேலே உள்ள துளையில் செருகினால் பல கணினிகளில் திரை இருண்டே கிடக்கும்.

மொனிட்டருக்குப் பதிலாக வீட்டுத் தொலைக்காட்சியைப் பாவிப்போர் படத்தின் ஓரங்கள் வெட்டப்படுவதாகச் சொல்வார்கள். அது தொலைக்காட்சியின் பழைய பழக்கம். கணினியில் தேடாமல், தொலைக்காட்சியின் படப் பட்டியலில் ஜஸ்ட் ஸ்கேன் அல்லது ஸ்கிரீன் ஃபிட் போன்ற பெயரில் இருப்பதைத் தெரிவுசெய்யுங்கள்.

எழுத்து பெரிது, பொத்தான் கண்ணுக்குத் தெரியவில்லை

"தம்பி, விண்ணப்பத்தை நிரப்பிட்டேன், அனுப்புற பொத்தானைக் காணமே" என்று கேட்பார்கள். பிரிதிறன் 800க்கு 600 என்று விழுந்துவிட்டால் சாளரத்தின் அடிப்பகுதி திரைக்குக் கீழே போய்விடும். அனுப்பு, சேமி, சரி என்ற பொத்தான்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பிரிதிறனை மாற்றும் சாளரத்துக்கும் இதே கதி நேர்ந்தால் மனிதர் என்ன செய்வார்!

இதற்கு ஓர் எளிய கைவழி உண்டு. லினக்ஸ் மின்ட்டில் ஆல்ட் என்ற சாவியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சாளரத்தின் எந்த இடத்திலும் மவுசை அழுத்தி மேலே இழுங்கள். சாளரத்தின் தலை திரைக்கு மேலே போகும், மறைந்த பொத்தான் கீழிருந்து ஏறி வரும். உபுண்டுவில் ஆல்ட் சாவிக்குப் பதிலாக விண்டோஸ் சின்னமுள்ள சாவியைப் பிடிக்க வேண்டும்.

பின்னர் அமைப்புகள் பகுதியில் டிஸ்பிளே என்பதைத் திறந்து பாருங்கள். உங்கள் மொனிட்டருக்குரிய அளவு பட்டியலில் இருந்தால் அதைத் தெரிவுசெய்யுங்கள், வேலை முடிந்தது. இல்லாவிட்டால் இரண்டு காரணங்களே முக்கியமானவை. ஒன்று, குறிப்பு வந்து சேரவில்லை, அதாவது கேபிள். இரண்டு, செலுத்தி இயங்கவில்லை. எது என்று அறிய, கணினியைப் பற்றிய விபரப் பக்கத்தில் கிராஃபிக்ஸ் என்ற வரியைப் பாருங்கள். அங்கே இன்டெல், ஏஎம்டி, என்வீடியா என்ற பெயர் இருந்தால் நல்லது. எல்எல்விஎம்பைப் என்ற விசித்திரமான சொல் இருந்தால் கங்காணி வரவில்லை என்று பொருள். கிராஃபிக்ஸ் சில்லின் வேலையைக் கணினியின் மூளையே இழுத்துச் செய்துகொண்டிருக்கிறது.

கறுப்புத் திரை

இனி அதிகம் பயமுறுத்துவதற்கு வருவோம். நிறுவனத்தின் சின்னம் தெரிந்தது, லினக்ஸ் தொடங்கியது, பிறகு கறுப்பு. கணினி பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. செலுத்தி தவறான கட்டளையைக் கொடுத்துத் திரையை இழந்துவிட்டது.

கணினியை மீண்டும் இயக்கி, தொடக்கத்திலேயே ஷிஃப்ட் சாவியை அழுத்திப் பிடியுங்கள். புதிய வகைக் கணினியானால் எஸ்கேப் சாவியை விட்டுவிட்டுத் தட்டுங்கள். கிரப் எனப்படும் ஒரு பட்டியல் வரும். அண்மையில் முறைமையைப் புதுப்பித்த பின்னர்தான் கோளாறு வந்ததென்றால், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் என்ற வரிக்குள் சென்று, பட்டியலில் உள்ள பழைய பதிப்பைத் தெரிவுசெய்யுங்கள். பல வேளைகளில் அதுவே போதும். லினக்ஸ் பழைய கருவை உடனே எறிந்துவிடாமல் வைத்திருப்பது இதற்காகத்தான்.

அதுவும் உதவாவிட்டால், பட்டியலின் முதல் வரியில் நின்றுகொண்டு ஆங்கில ஈ எழுத்தை அழுத்துங்கள். சில வரிகள் தோன்றும். அவற்றுள் லினக்ஸ் என்ற சொல்லில் தொடங்கும் வரியின் இறுதிக்குச் சென்று, ஓர் இடைவெளி விட்டு, என்-ஓ-எம்-ஓ-டி-ஈ-எஸ்-ஈ-டீ என்ற ஒன்பது எழுத்துக்களைச் சிறிய எழுத்தில் சேர்த்துத் தட்டுங்கள். (இக்கட்டுரையில் நீண்ட டீ வருமிடத்தில் தேயிலைக்குரிய ஆங்கில எழுத்து, குறுகிய டி வருமிடத்தில் டிசம்பரின் முதல் எழுத்து.) பின்னர் எஃப்10 சாவியை அழுத்துங்கள். நோமோட்செட் என்ற இச்சொல், திரையின் அளவை மாற்றும் வேலையில் செலுத்தியை இறங்கவிடாமல் தடுக்கிறது. படம் பெரிதாகவும் அழகின்றியும் வரலாம். ஆனால் வரும்.

வந்தவுடன் வேறு எதையும் தொடாமல், பத்திரங்கள் உள்ள கோப்புறையை ஒரு பென் டிரைவில் பிரதி செய்துகொள்ளுங்கள். செலுத்தியைத் தேடுவது அதன் பிறகு.

இந்தச் சொல்லே பின்னர் ஒரு நோயாக மாறுவதையும் சொல்ல வேண்டும். லினக்ஸ் மின்ட்டை ஏற்றும்போது திரை வராவிட்டால் கொம்பாட்டிபிலிட்டி மோட் என்ற வழியால் ஏற்றுவார்கள். அந்த வழியும் நோமோட்செட் என்ற சொல்லைத்தான் பாவிக்கிறது. ஏற்றியவர் அதை நிரந்தரமாக எழுதிவைத்துவிட்டால், கணினி எக்காலத்திலும் 1024க்கு 768 என்பதைத் தாண்டாது. பெறுபவர் கேபிளை மாற்றுவார், மொனிட்டரை மாற்றுவார், ஒன்றும் நடக்காது. சோதிப்பது எளிது. டெர்மினல் என்ற கறுப்புச் சாளரத்தைத் திறந்து, சீ-ஏ-டீ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்கோடு, பி-ஆர்-ஓ-சீ, முன்சாய்கோடு, சீ-எம்-டி-எல்-ஐ-என்-ஈ என்று தொடர்ந்து தட்டி எண்டர் சாவியை அழுத்துங்கள். (இங்கே வரும் பி பேப்பரின் முதல் எழுத்து.) வரும் வரியில் நோமோட்செட் என்ற சொல் இருந்தால் குற்றவாளி அகப்பட்டான். ஈ-டீ-சீ என்ற கோப்புறைக்குள் டிஃபோல்ட் என்ற கோப்புறையும், அதனுள் கிரப் என்ற கோப்பும் உண்டு. அக்கோப்பிலிருந்து அச்சொல்லை நீக்கி, அப்டேட்-கிரப் என்ற கட்டளையை நிர்வாகி உரிமையுடன் கொடுக்க வேண்டும். பழக்கமுள்ள இளைஞர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது; அந்தக் கோப்பில் வேறு எதையும் மாற்றக்கூடாது.

என்வீடியா கார்ட்டுகள்

இன்டெல், ஏஎம்டி சில்லுகளுக்கான செலுத்திகள் லினக்ஸின் கருவுக்குள்ளேயே வருகின்றன. பழைய அலுவலகக் கணினிகளில் பெரும்பாலும் இன்டெல் இருப்பதால் எமது நிலையங்களுக்கு இது ஒரு பாக்கியம். தொல்லை தருவது என்வீடியா. அந்நிறுவனம் நெடுங்காலம் தன் சில்லுகளின் உள்விபரங்களை வெளியிடவில்லை. தன்னார்வலர்கள் தாமாகவே ஆராய்ந்து நூவோ என்ற செலுத்தியை எழுதினர். 2010இல் அது லினக்ஸ் கருவில் சேர்ந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வல்ட்ஸ் 2012இல் பின்லாந்தில் ஒரு கூட்டத்தில் இந்நிறுவனத்தைப் பற்றிப் பேசும்போது, கெமராவைப் பார்த்து ஒரு சைகை காட்டினார். என்ன சைகை என்பதைத் திருச்சபைப் பத்திரிகையில் எழுத முடியாது. 2022இல் என்வீடியா தன் செலுத்தியின் ஒரு பகுதியைத் திறந்து வெளியிட்டது, ஆனால் அது புதிய கார்ட்டுகளுக்கு மட்டுமே உதவும். எமக்குக் கிடைப்பவை அவையல்ல.

என்வீடியா தானே வழங்கும் செலுத்திகள் வரிசை வரிசையாக வருகின்றன. ஜீஃபோர்ஸ் 8, 9, 200 வகைக் கார்ட்டுகளுக்கு 340 வரிசை. அதன் ஆதரவு 2019 இறுதியுடன் முடிந்தது. 400, 500 வகைகளுக்கு 390 வரிசை. அது 2022 இறுதியுடன் முடிந்தது. புதிய லினக்ஸ் கருவில் இந்தப் பழைய வரிசைகளை வற்புறுத்தி ஏற்றினால் கிடைப்பது பெரும்பாலும் கறுப்புத் திரைதான். ஆகவே எமது ஆலோசனை: பத்து வருடத்துக்கு மேற்பட்ட என்வீடியா கார்ட் என்றால் நூவோவுடன் திருப்திப்படுங்கள். கடிதம் தட்டவும் படிவம் நிரப்பவும் படம் பார்க்கவும் அது போதும். அதுவும் தகராறு செய்தால் கார்ட்டைக் கழற்றிவிட்டு, கணினியின் தாய்ப்பலகையில் திரைக்கான துளை இருந்தால் அதிலேயே மொனிட்டரைச் செருகுங்கள். பிள்ளைகளின் விளையாட்டுக்கு அது கொஞ்சம் குறைவுதான்.

புதிய கார்ட் என்றால் மின்ட்டில் டிரைவர் மனேஜர், உபுண்டுவில் அடிஷனல் டிரைவர்ஸ் என்ற இடத்தில் ரெக்கமெண்டட் என்று குறித்திருப்பதை ஏற்றுங்கள். இணையத்தில் கண்ட கோப்பை நேரடியாக இறக்கி ஏற்ற வேண்டாம். அது அடுத்த புதுப்பித்தலின்போது உடைந்துபோகக்கூடும். ஏற்றும்போது கணினி ஒரு கடவுச்சொல்லைக் கேட்டால் அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மறுமுறை இயக்கும்போது நீலத் திரையொன்று தோன்றி, சாவியைப் பதிவுசெய்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்கும். பலர் பயந்து கொன்டினியூ என்று கொடுத்துக் கடந்துவிடுகின்றனர். அப்படிச் செய்தால் செக்யூர் பூட் என்ற காவல் புதிய செலுத்தியை உள்ளே விடாது. என்ரோல் மோக் என்ற வரியைத் தெரிவுசெய்து, எழுதி வைத்த கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும்.

பட்டியலில் இல்லாத அளவைச் சேர்ப்பது

செலுத்தி நன்றாக இருக்கிறது, குறைபாடு கேபிளில்தான், ஆனால் நல்ல கேபிள் வாங்கப் பண்டாரவளைக்கோ பதுளைக்கோ போகும் நாள் தொலைவில் இருக்கிறது. அதுவரை அளவை நாமே சொல்லிக் கொடுக்கலாம். டெர்மினலில் எக்ஸ்-ஆர்-ஏ-என்-டி-ஆர் என்று தட்டினால், இணைந்துள்ள துளையின் பெயரும் அளவுகளின் பட்டியலும் வரும். நட்சத்திரக் குறி இட்டது இப்போது பாவனையில் உள்ள அளவு. கூட்டற் குறி இட்டது மொனிட்டர் விரும்பும் அளவு. கூட்டற் குறியே எங்கும் இல்லையென்றால் மொனிட்டரின் குறிப்பு வரவில்லை என்பது உறுதியாகிவிடும்.

அடுத்து சீ-வீ-டீ என்று தட்டி, இடைவெளி விட்டு 1280, மீண்டும் இடைவெளி விட்டு 1024 என்று கொடுங்கள். மோட்லைன் என்று தொடங்கும் ஒரு நீண்ட வரி கிடைக்கும். அச்சொல்லுக்குப் பின்னுள்ள அனைத்தையும் பிரதி செய்யுங்கள். எக்ஸ்ராண்டர் கட்டளையுடன் இரு சிறுகோடுகளும் நியூமோட் என்ற சொல்லும் சேர்த்து, பிரதி செய்ததை ஒட்டினால் அளவு பதிவாகும். அதே முறையில் அட்மோட் என்ற சொல்லுடன் துளையின் பெயரையும் அளவின் பெயரையும் கொடுத்தால் அது பட்டியலில் சேரும். பின்னர் டிஸ்பிளே சாளரத்தில் வழமைபோலத் தெரிவுசெய்யலாம். 1366க்கு 768 வேண்டுமென்றால் இக்கட்டளை 1368 என்று திருப்பித் தரும். 1366 எட்டால் வகுபடாததே காரணம். ஓரத்தில் இரண்டு புள்ளிகள் வழியும், பாதகமில்லை. கணினியை அணைத்தால் இந்த ஏற்பாடு மறைந்துவிடும், ஆகவே கட்டளைகளைத் தாளில் எழுதி வையுங்கள். வேலண்ட் என்ற முறையில் இயங்கும் புதிய உபுண்டுவில் இவ்வழி செல்லாது. மின்ட்டில் செல்லும்.

குண்டான பழைய கண்ணாடி மொனிட்டரில் இந்தப் பரீட்சை வேண்டாம். தொண்ணூறுகளில் லினக்ஸ் பாவித்தோர் மொனிட்டரின் வேகங்களைத் தம் கையாலேயே ஒரு கோப்பில் எழுத வேண்டியிருந்தது. தவறான எண் மொனிட்டரையே பழுதாக்கலாம் என்று அக்காலக் கைநூல்கள் எச்சரித்தன. தட்டை மொனிட்டர் அப்படியல்ல, தாங்க முடியாததை அனுப்பினால் அவுட் ஒஃப் ரேஞ்ச் என்று எழுதிக் காட்டிவிட்டு நிற்கும்.

பட்டணத்துக்குக் கொண்டுபோவதென்றால்

லினக்ஸ் மின்ட் ஏற்றிய ஒரு பென் டிரைவை நிலையத்தில் எப்போதும் வைத்திருங்கள். வன்தட்டைத் தொடாமல் அதிலிருந்தே கணினியை இயக்கிப் பார்க்கலாம். அப்போது திரை சரியாக வந்தால் இயந்திரத்தில் பழுதில்லை, ஏற்றியிருக்கும் மென்பொருளிலேயே கோளாறு. அந்நிலையில் கோப்புகளையும் வேறொரு பென் டிரைவுக்கு எடுத்துவிடலாம்.

பென் டிரைவிலும் திரை வராவிட்டால் திருத்துபவரிடம் போகத்தான் வேண்டும். போகும்போது மொனிட்டரையும் அதே கேபிளையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். கணினியை மட்டும் கொண்டுபோனால் கடையின் நல்ல கேபிளில் அது ஒழுங்காக இயங்கும், வீட்டுக்கு வந்ததும் மறுபடி கறுக்கும், இரண்டு பஸ் பயணமும் வீண். ஒரு தாளில் மூன்று விடயங்களை எழுதிப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்: உள்ளே இருப்பது லினக்ஸ், இந்தப் பதிப்பு, மொனிட்டருக்கு உகந்த அளவு இவ்வளவு, வன்தட்டில் குடும்பங்களின் பத்திரங்கள் உள்ளன, கேட்காமல் அழிக்க வேண்டாம். மூன்றாவதைச் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள். அழித்தே ஆக வேண்டும் என்று அவர் சொன்னால், வன்தட்டைக் கழற்றி உங்களிடம் தரும்படி கேளுங்கள். திருகாணியை அவிழ்த்து இரண்டு வயர்களை இழுத்தால் அது கையில் வந்துவிடும், இன்னொரு கணினியில் மாட்டி வாசித்துக்கொள்ளலாம்.